அப்பா வண்டிய என் பேருக்கு மாத்துனேன், ஆர்டிஓ ஆபீஸ் சேவை எப்படி இருந்துச்சு – முழு ரிவியூ

புது வண்டி ரிஜிஸ்ட்ரேஷன் பத்தி நிறைய பேர் எழுதிட்டாங்க. அதுல பெருசா சொல்றதுக்கும் ஒண்ணும் இல்ல. ஃபார்ம் 20, சேல்ஸ் சர்டிபிகேட், கம்பெனி குடுக்கிற ஃபார்ம் 22, இன்சூரன்ஸ் எல்லாத்தையும் ஷோரூம்காரங்களே அப்லோடு பண்ணிடுறாங்க, 2019 ஏப்ரல்ல இருந்து அந்த ஹை செக்யூரிட்டி நம்பர் பிளேட்டையும் அவங்களே மாட்டிக் குடுத்துடணும், நாம காச கட்டிட்டு சாவிய வாங்கிட்டு வரலாம். ஆனா வண்டி யார் பேர்ல இருக்கோ அவங்க இறந்துட்டா என்ன பண்றதுன்னு தேடினா தமிழ்ல உருப்படியா ஒண்ணுமே கிடைக்கல, பாதிப் பேர் அப்படியே ஓட்டுங்க யாரும் கேக்க மாட்டாங்கன்னு சொல்றாங்க. அதான் நானே எழுதுறேன். நான் அஞ்சு மாசம் அலைஞ்சது இன்னொருத்தருக்கு ஒரு மாசத்துல முடிஞ்சா போதும்.

மொதல்லயே மார்க் குடுத்துடுறேன். ஆர்டிஓ ஆபீஸ் சேவைக்கு அஞ்சுக்கு நாலு. லோன் குடுத்த ஃபைனான்ஸ் கம்பெனிக்கு ஒண்ணு. ஆபீஸ் வாசல்ல நின்ன புரோக்கருக்கு மார்க்கே கிடையாது, ஏன்னு கீழ சொல்றேன்.

வண்டி 2010 ஜூன்ல அப்பா வாங்கின ஹீரோ ஹோண்டா ஸ்பிளெண்டர் பிளஸ். அந்த ரெண்டு கம்பெனியும் பிரியறதுக்கு முன்னாடி வந்தது, டேங்க்ல ஹீரோ ஹோண்டான்னு எழுத்து இன்னும் அப்படியே இருக்கு. வயலுக்கு, உரக்கடைக்கு, என்ன காலேஜ் பஸ்ல ஏத்திவிட எல்லாத்துக்கும் இந்த ஒரே வண்டிதான். 2024 ஐப்பசில அப்பா தவறிட்டாரு. வண்டி திண்ணை ஓரமா சாக்கு போத்திக் கிடந்துச்சு, பொங்கலுக்கு நான் திருப்பூர்ல இருந்து வந்தப்ப அம்மாதான் "இத நீயே வச்சுக்கடி, வித்துடாத"ன்னு சொன்னாங்க. சரின்னு அன்னிக்கு ராத்திரியே எம்பரிவாகன் ஆப்ல வண்டி நம்பரப் போட்டுப் பாத்தேன். அங்கதான் மூணு விஷயம் ஒண்ணா தெரிஞ்சுது. ஆர்சி 2025 ஜூனோட முடியுது, 15 வருஷம் ஆகுதுல்ல. இன்சூரன்ஸ் இன்னும் ரெண்டு மாசம் இருக்கு. மூணாவது, லோன் குடுத்த ஃபைனான்ஸ் கம்பெனி பேரு இன்னும் ஆர்சில உக்காந்திருக்கு, அப்பா 2012லயே கடைசி தவணை வரைக்கும் கட்டி முடிச்ச லோன் அது.

சட்டம் என்ன சொல்லுதுன்னா, வண்டி ஓனர் இறந்தா 30 நாளுக்குள்ள ஆர்டிஓ ஆபீஸுக்கு தகவல் சொல்லணும், வண்டிய நான் வச்சு ஓட்டப்போறேன்னும் சேத்து சொல்லணும், அப்படிச் சொன்னா மூணு மாசம் வரைக்கும் பழைய பேர்லயே ஓட்டலாம், அந்த மூணு மாசத்துக்குள்ள ஃபார்ம் 31 குடுத்து பேர் மாத்தணும். இன்சூரன்ஸும் அதே மாதிரிதான், பாலிசி இறந்த தேதில இருந்து மூணு மாசம் இல்லன்னா பாலிசி முடியுற தேதி, இதுல எது முன்னாடி வருதோ அது வரைக்கும்தான் செல்லும். ஆப்ல இன்னும் ரெண்டு மாசம்னு காட்டினாலும் எங்களுக்கு அந்த மூணு மாசம் ஏறக்குறைய முடிஞ்சே போச்சு. இத எத்தனை பேருக்குத் தெரியும் சொல்லுங்க? பதினாறாம் நாள் காரியம் முடிச்சு, பேங்க், ரேஷன் கார்டு, அம்மாவுக்கு விதவை பென்ஷன்னு ஒவ்வொண்ணா பாக்கவே மூணு மாசம் போயிடுது, பைக் யாருக்கு ஞாபகம் வரும். எங்க தெருவுலயே நாலு வண்டி இறந்து போனவங்க பேர்ல ஓடுது, ஒரு ஆக்ஸிடென்ட்னு வந்தா அந்த வீட்டுக்காரங்க கதி என்ன ஆகும்னு நெனச்சாலே எனக்கு பயமா இருக்கு.

சரி புரோக்கர் விஷயம். மொத நாள் ஆபீஸுக்குப் போனப்ப உள்ளயே போகல, வாசல்ல ஜெராக்ஸ் கடை வரிசையில ஒருத்தர் "என்ன மேடம் வேலை"ன்னு கேட்டாரு, சொன்னேன். 7,500 ரூபா குடுங்க பத்து நாள்ல முடிச்சுத் தரேன்னாரு. வாரிசு சான்றிதழ் வேணாமான்னு கேட்டேன். அதுக்கு அவரு சொன்னத அப்படியே எழுதுறேன், "அதெல்லாம் எதுக்கு மேடம், ஃபார்ம் 29, 30ல அப்பா கையெழுத்த நாமளே போட்டுடலாம், அவரு உங்களுக்கு வித்த மாதிரி ஆயிடும்". எனக்கு கை காலெல்லாம் நடுங்கிருச்சு. செத்துப்போன மனுஷன் கையெழுத்த போடச் சொல்றாரு, அதுவும் என் அப்பா கையெழுத்த. இது போர்ஜரி கேஸ், நாளைக்கு கூடப் பொறந்தவங்களுக்குள்ள ஒரு சண்டை வந்தா இந்த ஒரு பேப்பர் போதும் ஜெயிலுக்கு அனுப்ப. தயவு செஞ்சு யாரும் இதுக்கு சம்மதிக்காதீங்க. நிறைய பேர் இப்படித்தான் மாத்தியிருக்காங்கன்னு அப்புறம் தெரிஞ்சுது, ரொம்ப வருத்தமா இருந்துச்சு.

அங்கிருந்து நேரா உள்ள போயிட்டேன். விசாரணை கவுன்டர்ல ஒரு அம்மா இருந்தாங்க, வயசு அம்பதுக்கு மேல இருக்கும். நான் சொன்னத முழுசா கேட்டாங்க, குறுக்க பேசல. அப்புறம் ஒரு பழைய சலான் பேப்பரத் திருப்பி பென்சில்ல வரிசையா எழுதிக் குடுத்தாங்க: மொதல்ல வாரிசு, அடுத்து ஹெச்பி கேன்சல் (ஆர்சில இருக்கிற லோன் கம்பெனி பேர எடுக்கிறது), அப்புறம் 31, கடைசியா ரெனியூவல். "இந்த வரிசைய மாத்தாதம்மா, மாத்துனா ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு தடவ வருவ"ன்னாங்க. இந்த ரிவியூல நான் சொல்ல வர்றது மொத்தமும் அந்த சலான் பேப்பர்லயே இருக்கு. வேலை கஷ்டம் இல்ல, புரோக்கர் தேவை இல்ல, எது முன்னாடி எது பின்னாடின்னு தெரிஞ்சா போதும். அந்த பேப்பர இன்னும் பர்ஸ்ல வச்சிருக்கேன்.

வாரிசு சான்றிதழ் இ-சேவை மையத்துல அப்ளை பண்ணேன். இறப்புச் சான்று, அப்பா ஆதார், எங்க மூணு பேர் ஆதார், ரேஷன் கார்டு, இது போதும். விஏஓ வீட்டுக்கு வந்து அக்கம்பக்கத்துல விசாரிச்சாரு, அங்கிருந்து ஆர்ஐ, அதாவது வருவாய் ஆய்வாளர், அப்புறம் தாலுகா ஆபீஸ். ஒரு மாசம் கிட்ட ஆச்சு. அம்மா, நான், தம்பி மூணு பேர் வாரிசு. வண்டி என் பேருக்கு வரணும்னா மத்த ரெண்டு பேரும் ஆட்சேபனை இல்லன்னு பத்திரத்துல எழுதி நோட்டரி முன்னாடி கையெழுத்து போடணும், தம்பி ஓசூர்ல வேலை பாக்கிறான், இதுக்காகவே ராத்திரி பஸ் ஏறி வந்து காலைல கையெழுத்து போட்டுட்டு சாயங்காலம் திரும்பிட்டான். நீங்க இத முன்கூட்டியே தெரிஞ்சுக்கிட்டா எல்லாரும் ஊர்ல இருக்கிற காரியத்து நேரத்துலயே எழுதி வாங்கிடலாம், சங்கடமா இருக்கும்தான், ஆனா அப்புறம் எல்லாரையும் ஒரே நாள்ல சேக்கிறது அத விட கஷ்டம்.

இன்னொண்ணு, ஆர்சில அப்பா பேருக்கு முன்னாடி இனிஷியல் ஒரு எழுத்துதான், ஆதார்ல தாத்தா பேரு முழுசா இருந்துச்சு. ரெண்டும் ஒரே ஆள்தான்னு அதே நோட்டரிகிட்ட ஒரு அஃபிடவிட் வாங்கிட்டேன். நீங்களும் இறப்புச் சான்று வாங்குறப்பவே ஸ்பெல்லிங் ஒண்ணொண்ணா சரி பாருங்க, பின்னாடி திருத்துறது பெரிய வேலை.

இப்ப ஃபைனான்ஸ் கம்பெனி. பேரு போடல, ஆனா மனசு ஆறல. எங்க ஊர் கிளைய மூடிட்டாங்க, நாப்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கிற டவுனுக்குப் போகச் சொன்னாங்க. மொத தடவ போனப்ப லோன் நம்பர் இல்லாம ஒண்ணும் பண்ண முடியாதுன்னுட்டாங்க. வீட்டுக்கு வந்து பீரோல அப்பா வச்சிருந்த மஞ்சப்பைய எடுத்தா, 2010 ஜூலைல இருந்து ஒவ்வொரு மாச ரசீதையும் நூல் போட்டு கட்டி வச்சிருக்காரு, கடைசி ரசீதுல "முடிந்தது"ன்னு நீலப் பேனால அவரே எழுதியிருக்காரு. ரெண்டாவது தடவ அத எடுத்துட்டுப் போனா, "லோன் எடுத்தவர் நேர்ல வந்து கையெழுத்து போடணும்"ங்குறாங்க. இறப்புச் சான்ற முன்னாடி வச்சிட்டு நிக்கிறேன், அத கையில வாங்கிப் பாத்துட்டுதான் அந்தப் பையன் அப்படி சொல்றான். அன்னிக்கு பஸ்ஸ்டாண்டு வரைக்கும் அழுதுட்டே வந்தேன். மூணாவது தடவ மேனேஜர நேரா பாத்து வாரிசு சான்றையும் குடுத்த பிறகுதான் ஆட்சேபனை இல்லங்கிற என்ஓசி லெட்டரும், லோன் முடிஞ்சுதுன்னு சீல் வச்ச ஃபார்ம் 35 ரெண்டு காப்பியும் கிடைச்சுது. ரெண்டு காப்பிலயும் ஒரிஜினல் சீல், ஒரிஜினல் கையெழுத்து இருக்கணும், ஜெராக்ஸ் குடுத்தா வாங்காதீங்க.

இப்ப லோன்ல வண்டி வச்சிருக்கிறவங்களுக்கு சொல்றேன், கடைசி தவணை கட்டின வாரமே ஃபார்ம் 35 வாங்கி ஆர்டிஓ ஆபீஸ்ல ஹெச்பி கேன்சல் பண்ணிடுங்க. லோன் கட்டி முடிச்சா தானா போயிடும்னு நினைக்காதீங்க, போகாது. எங்க அப்பா மாதிரி அவ்ளோ ஒழுங்கான மனுஷனே அத விட்டுட்டாரு, அவருக்கு யாரும் சொல்லல.

அடுத்தது ஆன்லைன் அப்ளிகேஷன். பரிவாகன் சைட்ல வாகன் சேவைக்குள்ள போய் வண்டி நம்பர், சேஸிஸ் நம்பர் கடைசி அஞ்சு எழுத்து போட்டா ரெஜிஸ்டர் பண்ணின மொபைலுக்கு ஓடிபி வரும். எங்க கேஸ்ல அது அப்பா நம்பர். நல்ல வேளை அம்மா அந்த சிம்ம நிறுத்தாம ரீசார்ஜ் பண்ணிட்டே இருந்தாங்க, அப்பா வாட்ஸ்அப் போட்டோ போயிடும்னு. அந்த பழைய பட்டன் வச்ச ஜியோ போன் டிங்குனு அடிச்சப்ப அம்மாதான் ஓடிப் போய் எடுத்து கண்ணாடி போட்டு ஒவ்வொரு நம்பரா படிச்சாங்க. வீட்ல யாராவது தவறிட்டா அவங்க சிம்ம அவசரப்பட்டு நிறுத்தாதீங்க, பேங்க்ல இருந்து வண்டி வரைக்கும் எல்லா ஓடிபியும் அதுலதான் வருது. டிரான்ஸ்ஃபர் வகைன்னு கேக்கிற இடத்துல சேல்னு போடாம வாரிசு வழின்னு வர்ற ஆப்ஷனத்தான் எடுக்கணும், இத தப்பா போட்டா மறுபடி மொதல்ல இருந்து. ஃபீஸ் பைக்குக்கு 150 ரூபா, காருக்கு 300, அது பேர் மாத்துறதுக்கு மட்டும், அது போக ஸ்மார்ட் கார்டு 200, மாநில சர்வீஸ் சார்ஜ் தனி. எனக்கு லேட் ஆனதுக்கு சின்னதா ஒரு அபராதமும் சேந்து வந்துச்சு. எல்லாம் சேத்தாலும் அந்த புரோக்கர் கேட்ட காசு கிட்ட கூட வரல.

சேஸிஸ் நம்பர் பென்சில் பிரிண்ட் எடுக்கிறது பத்தி யாரும் சொல்லித் தரல, அதையும் எழுதிடுறேன். ஸ்பிளெண்டர்ல ஹேண்டில்பாருக்குக் கீழ கழுத்துப் பக்கம் நம்பர் அடிச்சிருக்கும், பதினஞ்சு வருஷ மண்ணும் கிரீஸும் ஏறி கெட்டியா அப்பிக் கிடந்துச்சு. மண்ணெண்ணெய் தொட்ட துணியால நல்லா தேச்சு, பழைய டூத் பிரஷ்ஷால எழுத்துக்கு நடுவுல இருக்கிறத எடுத்து, காய விட்டு, மெல்லிசு பேப்பர அது மேல இறுக்கிப் பிடிச்சு பென்சில படுக்க வச்சு லேசா ஓட்டணும். அழுத்தினா பேப்பர் கிழியும். மொத ரெண்டு வாட்டி நம்பர் கலங்கிடுச்சு, மூணாவது வாட்டி ஒவ்வொரு எழுத்தா வெள்ளையா எழும்பி வந்துச்சு, அப்பா இருந்தா ரொம்ப சந்தோஷப்பட்டிருப்பாரு, அவரு அப்படி சின்னச் சின்ன வேலையெல்லாம் நிதானமா ரசிச்சு செய்வாரு. நாலு பிரிண்ட் எடுத்து வச்சுக்கங்க, ரெனியூவலுக்கும் கேப்பாங்க.

ஃபைல் குடுக்கப் போன நாள் அதே அம்மா கவுன்டர்ல இல்ல, வேற ஒரு சார். ஒவ்வொரு பேப்பரா புரட்டிப் பாத்தாரு, இன்சூரன்ஸ் எங்கன்னு கேட்டாரு, இருந்துச்சு. புகைச் சான்று கேட்டாரு, அது முந்தின நாள்தான் எடுத்தது, இருந்துச்சு. ஃபார்ம் 31ல ஒரு இடத்துல கையெழுத்து விட்டுப் போயிருந்துச்சு, திருப்பி அனுப்பாம அங்கயே பேனா குடுத்து போடச் சொன்னாரு. நாப்பது நிமிஷம்கூட ஆகல. ஒருத்தரும் காசு கேக்கல, கூட ஒரு ரூபா குடுக்கல, இத அழுத்தி சொல்லணும்னு தோணுது, ஏன்னா ஆர்டிஓ ஆபீஸ்னாலே லஞ்சம்னு நெனச்சுத்தான் நாம புரோக்கர்கிட்ட போறோம். ஒரு மார்க் குறைச்சது எதுக்குன்னா, இந்த பேப்பர் லிஸ்ட வாசல்ல தமிழ்ல பெருசா ஒரு போர்டு எழுதி வைக்கலாம். லைசென்ஸுக்கு போர்டு இருக்கு, புது வண்டிக்கு போர்டு இருக்கு, ஓனர் இறந்துட்டா என்ன பண்ணணும்னு ஒரு வரி கூட இல்ல. அந்த பென்சில் லிஸ்ட் எழுதின அம்மா அன்னிக்கு லீவுல இருந்திருந்தா நான் என்ன ஆயிருப்பேன்னு தெரியல.

மே மாசக் கடைசில பேர் மாறிடுச்சு. உடனே ரெனியூவல். ஆர்சி முடியறதுக்கு 60 நாளைக்கு முன்னாடியே ஃபார்ம் 25 குடுக்கலாம், தேதி தாண்டிட்டா பைக்குக்கு மாசம் 300 ரூபா, காருக்கு மாசம் 500 ரூபான்னு கூடிட்டே போகும், அதனால இத மட்டும் தள்ளிப் போடாதீங்க. பைக்குக்கு ரெனியூவல் ஃபீஸ் 1,000 ரூபா, காருக்கு 5,000, அது போக பசுமை வரி. அஞ்சு வருஷத்துக்கு செல்லும். 2025 ஆகஸ்ட்ல 20 வருஷத்துக்கு மேல ஆன வண்டிகளுக்கு இத அப்படியே ரெண்டு மடங்கா ஏத்திட்டாங்க, பைக் 2,000, கார் 10,000, பழைய வண்டி வச்சிருக்கிறவங்க கணக்குப் போட்டுக்கங்க.

இதுக்கு வண்டிய எடுத்துட்டுப் போய் எஃப்சி காட்டணும், அதாவது வண்டி ஓட்டுற நிலைமைல இருக்கான்னு பாப்பாங்க. பிரேக் இன்ஸ்பெக்டர் வந்து ஹாரன், இண்டிகேட்டர், ஹெட்லைட், பிரேக், கண்ணாடி எல்லாம் பாத்தாரு, சேஸிஸ் நம்பர குனிஞ்சு பாத்து பிரிண்டோட ஒத்துப் பாத்தாரு. நான் முந்தின வாரமே மெக்கானிக் அண்ணன்கிட்ட குடுத்து பிரேக் ஷூவும் பின்னாடி பல்பும் மாத்தி வச்சிருந்தேன், அதுல பிரச்சனை இல்ல. ஆனா பின்னாடி நம்பர் பிளேட்ல மேல சின்னதா "அய்யனார் துணை"ன்னு எழுதியிருக்கும், வண்டி வாங்குன அன்னிக்கு அப்பா எழுதச் சொன்னது. நம்பர் பிளேட்ல நம்பரத் தவிர வேற எதுவும் இருக்கக் கூடாதும்மான்னாரு. என் முகத்தப் பாத்துட்டு, "அத வேற எங்க வேணும்னாலும் ஒட்டிக்கம்மா, பிளேட்ல மட்டும் வேணாம், சரி பண்ணிட்டு மதியம் வா, இன்னிக்கே பாத்துத் தரேன்"னாரு. எதிர்த்த ஸ்டிக்கர் கடைல புது பிளேட் போட்டு, அய்யனார் துணைய பெட்ரோல் டேங்க் மேல ஒட்டிக் குடுத்தாங்க. ரெண்டரை மணிக்கு கையெழுத்து ஆச்சு.

ஆர்சி இப்ப கையில தர்றது இல்ல, ஸ்பீடு போஸ்ட்ல வீட்டு அட்ரஸுக்குத்தான் வருது. அதனால ஆதார் அட்ரஸும் ஆர்சி அட்ரஸும் நீங்க இருக்கிற வீட்டுதான்னு பாத்துக்கங்க, நான் திருப்பூர் வாடகை வீட்டு அட்ரஸ் குடுக்கல, ஊர் அட்ரஸ்தான். பத்து நாள்ல வந்துச்சு, அம்மாதான் கையெழுத்து போட்டு வாங்கினாங்க.

கடைசியா ஒண்ணு, வண்டி வச்சிருக்கிற எல்லாருக்கும். 2021ல இருந்து ஆர்சில நாமினி போடலாம். புது வண்டி வாங்குறப்பவே போடலாம், பழைய வண்டிக்கு அப்புறமாவும் ஆன்லைன்ல சேக்கலாம். நாமினி இருந்தா ஓனருக்கு ஏதாவது ஆச்சுன்னா அவங்க இறப்புச் சான்றும் ஃபார்ம் 31ம் குடுத்து பேர் மாத்திக்கலாம், நான் வாரிசு சான்றுக்கும் நோட்டரிக்கும் அலைஞ்ச அலைச்சல் அவங்களுக்கு வராது. ஆர்சி வந்த அன்னிக்கே என் வண்டிக்கு தம்பி பேரப் போட்டுட்டேன், தம்பிய அவன் வண்டிக்கு அம்மா பேரப் போட வச்சேன். அதே மாதிரி வண்டிய வித்தா பேர் மாறுற வரைக்கும் விடாதீங்க, ஆர்சில யார் பேர் இருக்கோ அவங்கதான் ஓனர், ஆக்ஸிடென்ட் ஆனா நஷ்ட ஈடு அவங்க மேலதான்னு 2018ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கு.

இன்சூரன்ஸையும் புது ஆர்சி காப்பி குடுத்து என் பேருக்கு மாத்தியாச்சு, அது மூணே நாள் வேலை. இப்ப வண்டி என்னோட திருப்பூர்ல இருக்கு. ஐப்பசி மழைக்கு முன்னாடி ரெண்டு டயரும் மாத்தணும்னு மெக்கானிக் அண்ணன் சொல்லியிருந்தாரு, போன ஞாயித்துக்கிழமை மாத்திட்டேன்.